ஊமத்தைக்குக் கம்பைலர் போட்ட டிரைவர்

கல்லூரியில் அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளையே வளைவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள். கம்ப்யூட்டர் லேபில் டெக்னீஷியன் வேலை. பழைய மிஷின்களில் சத்தம் வரவில்லை, பிரிண்டர் அசைய மாட்டேன் என்கிறது, திரை கோடு கோடாகத் தெரிகிறது என்று யார் வந்து நின்றாலும், "டிரைவர் போயிடுச்சுங்க. போட்டுத் தர்றேன்" என்பார். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்பையும் ஓட்டுகிற குட்டி மென்பொருளுக்கு அந்தப் பெயர். சொல்லிச் சொல்லி அது அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அப்பா சத்தமில்லாமல் விசாரிக்க வந்தார். வாசல் காவலர், "நம்ம டிரைவரா? தங்கமான மனுசனாச்சே!" என்று நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லிவிட்டார். வந்தவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. டிகிரி படித்த மாப்பிள்ளை என்று தரகர் அளந்ததெல்லாம் புளுகா? வீட்டில் போய் அவர் பொங்கித் தீர்க்க, பெண் மட்டும் நிதானமாக, "எந்த வண்டி ஓட்டுறாராம்? அதக் கேட்டீங்களாப்பா?" என்றாளாம். மறுநாள் மாப்பிள்ளையே பட்டச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டிய பிறகுதான் பேச்சு மேலே நகர்ந்தது.

அந்தச் சான்றிதழை அவர் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுவார். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து இரண்டெழுத்து போட்டுக்கொண்டவர் அந்த வம்சத்திலேயே அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

மனைவிக்கும் அந்த இரண்டெழுத்து வந்துவிட வேண்டும் என்று அவரைவிட அவளுக்கு வெறி. அதே கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்து, எல்லாத் தாளையும் முடித்துவிட்டாள். சி மொழி செய்முறைத் தேர்வு ஒன்று மட்டும் தொண்டையில் மாட்டிய முள்ளாக நின்றது. முதல் தடவை தேர்வு அறைக்குப் போகிற வழியில் இடுப்பு வலி எடுத்து, அன்று சாயங்காலமே மகள் பிறந்துவிட்டாள். அடுத்த தடவை மகளுக்கு அம்மை. அதற்கடுத்த தடவை போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை விறைத்து, படித்ததெல்லாம் ஆவியாகி, வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தாள். இப்போது பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய திட்டத்துக்கு இது கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் முதலாண்டிலிருந்து மறுபடி சேர வேண்டும்.

"மறுபடியும் மொதல்லேருந்துன்னா என்னால ஆகாதுங்க" என்றாள், தேர்வுக்கு முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே. "இதோட தலை முழுகிடுவேன். அப்புறம் நீங்க படி படின்னு காதுல ஓதக் கூடாது."

"அதெல்லாம் நடக்காது. லேபு என் கையில. எல்லாம் பக்காவா இருக்கு."

அப்படித்தான் அவர் நம்பினார்.

லேபில் இருந்தவை எல்லாம் ஆயுசு முடிந்த மிஷின்கள். விடுமுறையில் அவற்றுக்குப் புது விண்டோஸ் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போட்டு முடிந்ததும் ஒவ்வொரு மிஷினும், இதைப் பயன்படுத்தப் போவது யார், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டது. இங்கிலீஷில் ஏதாவது தட்டிவிட்டுப் போயிருக்கலாம். கிராமத்துப் பள்ளியில் தமிழிலேயே படித்து மேலே வந்தவருக்கு அப்படிப் போக மனசு வரவில்லை. தமிழில் தட்டினார். மல்லிகை, தாமரை, செம்பருத்தி, அல்லி என்று மிஷினுக்கு ஒரு பூ. கதவோரம் தூசிக்கும் காற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, தொட்டதற்கெல்லாம் மூச்சு வாங்கும் கடைசி மிஷினுக்கு ஊமத்தை என்று வைத்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "நான் தாமரைல உக்காந்துக்கிறேன் சார்" என்பார்கள். "ஊமத்தைல உக்காந்தா பைத்தியம் புடிக்கும்டா" என்று கத்துவார்கள். துறைத் தலைவரான அம்மையார்கூட வந்து பார்த்து, "நல்லா இருக்கே டிரைவர்!" என்றார். அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை.

புது விண்டோஸில் சி மொழிக்கான பழைய நீலத்திரை மென்பொருள் ஓடவில்லை. இலவசமாகக் கிடைக்கிற வேறொரு கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலைப் படித்து மிஷினுக்குப் புரியவைக்கிற மென்பொருளை, தேடி இறக்கினார். தன் மேசையில் இருந்த மிஷினில் போட்டு, ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தார். பிசிறில்லாமல் ஓடியது. அதையே எல்லாப் பூக்களுக்கும் போட்டார். ஒவ்வொரு திரையிலும் ஐகான் வந்து சிரித்தது. ஐகான் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது லேப் வைத்திருக்கிறவர்களின் தீராத நம்பிக்கை. "ரெடி மேடம்" என்று சொல்லிவிட்டார். பாடத்திட்டம் மாறிய பிறகு சி மொழி வகுப்பும் நடக்காததால், தேர்வு வரை அதை வேறு யாரும் தொடவில்லை. ஒன்றிலாவது அவர் ஒரு நிரலை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

தேர்வன்று காலையில், பிள்ளைகள் வராந்தாவில் கூடிக்கொண்டிருக்கும்போது, சும்மா ஒரு நிம்மதிக்காக மல்லிகையில் உட்கார்ந்து ஒரு வரி நிரல் தட்டி, ஓட்டச் சொன்னார். சிவப்பாக ஒரு வரி வந்தது. கோப்பைத் திறக்க முடியவில்லையாம். எந்தக் கோப்பு? அவர் எந்தக் கோப்பையும் திறக்கச் சொல்லவில்லையே. தாமரைக்குப் போனார். அதே சிவப்பு. செம்பருத்தி, அல்லி, எல்லாம் அதே பாட்டு.

வைரஸ் காவல் மென்பொருளை அணைத்தார். கம்பைலரை நீக்கி மறுபடி போட்டார். அணைத்து ஏற்றினார். அந்த மிஷின்கள் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். சிவப்பு போகவில்லை.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே மனைவி நின்றாள். கல்லூரிக்குள் இருவரும் தெரிந்தவர்கள் மாதிரிகூடக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவர் வெளியே எட்டிப் பார்த்தபோது, "சார், எப்ப உள்ள விடுவீங்க?" என்றாள். முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. சின்ன வேலை."

"பொய் சொன்னா ஒங்க காது செவக்கும். செவந்திருக்கு."

கதவைச் சாத்தினார்.

துறைத் தலைவரும், தேர்வு நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளரும் உள்ளே வந்தார்கள். தேர்வாளர் கறார்ப் பேர்வழி. நாற்காலியின் தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, டிரைவரின் விளக்கத்தைக் கடைசிவரை கேட்டார்.

"ஆக மொத்தம், ஒரு மிஷினும் ஓடல."

"பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"பாருங்க. மத்தியானத்துக்குள்ள எழுதி, ஓட்டி, ரிசல்ட்ட எங்கிட்ட காட்டணும். ஓடாத நிரலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மிஷின் கெடைக்காதவங்களுக்கு ஆப்சென்ட்டுதான். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

"புள்ளைங்களுக்குக் கடைசி வாய்ப்பு சார் இது" என்றார் துறைத் தலைவர்.

"அதுக்குத்தாம்மா காத்திருக்கேன். இல்லன்னா வந்த ஆட்டோவுலயே திரும்பியிருப்பேன்."

டிரைவர் தன் மேசை மிஷினைக் கழற்றி, வயர்கள் காலில் சிக்க, இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து லேபில் வைத்தார். அதில் ஓடியது. அதே கம்பைலர், அதே விண்டோஸ், இவற்றைவிடக் கிழ மிஷின். அதில் ஓடுகிறது, இவற்றில் ஏன் ஓடவில்லை? சிவப்பு வரியை மறுபடி படித்தார். கோப்பு இருக்குமிடத்தின் முகவரி அதில் இருந்தது. நடுவில் வரிசையாகக் கேள்விக்குறிகள். மல்லிகையில் நீளமான வரிசை. அல்லியில் குட்டையான வரிசை. இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அது பெயர். மல்லிகை நீளமான பெயர், அல்லி சின்னப் பெயர். கம்பைலர் வேலை செய்யும்போது தற்காலிகமாக ஒரு கோப்பை எழுதி வைத்துக்கொள்ளும். அதைப் பயனரின் பெயருள்ள அடைவுக்குள், அதாவது ஃபோல்டருக்குள்தான் எழுதும். இந்தக் கம்பைலருக்குத் தமிழ் தெரியாது. ஆசை ஆசையாக வைத்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேள்விக்குறியாக்கி, அப்படி ஓர் இடமே இல்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. மேசை மிஷினின் பெயர் முன்பு யாரோ வைத்த ஆபீஸ் என்ற இங்கிலீஷ் சொல்.

ஓடிப்போய்ப் பெயர்களை மாற்றினார். மல்லிகை, லேப்-ஒன்று ஆயிற்று; தாமரை, லேப்-இரண்டு. எல்லாவற்றையும் அணைத்து ஏற்றினார். ஏறும்வரை சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏறியது. ஓட்டினார். அதே சிவப்பு. அதே கேள்விக்குறிகள். வெளியே தெரிகிற பெயர்தான் மாறியிருந்தது. உள்ளே அடைவு இன்னமும் மல்லிகையாகவே இருந்தது. அரை மணி நேரம் குப்பையில் போயிற்று.

"டிரைவர்" என்றார் துறைத் தலைவர், அருகில் வந்து. "முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. புள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"அனுப்பிடாதீங்க மேடம். கால்ல வேணும்னாலும் விழறேன்."

"என்ன பேச்சு இது! எங்கால்ல விழுந்தா மிஷின் ஓடுமா? போய்ப் பாருங்க."

ஒவ்வொரு மிஷினிலும் புதிதாக ஒரு பயனரை, இங்கிலீஷ் பெயரில், உண்டாக்கத் தொடங்கினார். நல்ல மிஷினில் கண் சிமிட்டும் நேரத்து வேலை. இந்தக் கிழங்கள் ஒவ்வொன்றும், உங்களுக்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்று எழுதிக் காட்டிவிட்டு, வட்டம் சுற்றிச் சுற்றிக் காட்டின. மல்லிகை முதலில் விழித்தது. நிரலைத் தட்டி ஓட்டினார். கறுப்புச் சன்னல் திறந்து விடை வந்தது. அவருக்கு அழுகை முட்டியது, அழ நேரமில்லை. "மொதல் நம்பர் வாங்க!" என்று கத்தினார்.

பதிவெண் வரிசையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தாமரையில் ஒருவர், அல்லியில் ஒருவர். செம்பருத்தி பாதியில் நின்று மூச்சை விட்டது. அதை அணைத்து, தட்டி, மறுபடி எழுப்பினார். கடைசியில் வராந்தாவில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் பகலில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். கைவிரலெல்லாம் தீப்பொறித் தழும்பு. இன்னொருத்தி, வரிசையில் கடைசி நம்பர், அவர் மனைவி. லேபில் மிஞ்சியவையும் இரண்டு: தூக்கிவந்த மேசை மிஷினும், கதவோர ஊமத்தையும்.

துறைத் தலைவர் அவர் காதோரம் வந்து, "வீட்டம்மாவ மேசை மிஷின்ல உக்கார வைங்க. நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

அவர் கதவைத் திறந்து நின்றார். உள்ளே மேசை மிஷினும் ஊமத்தையும் மட்டும் காலியாக இருப்பது வராந்தாவிலிருந்தே தெரிந்தது. வெல்டர் அவரைப் பார்த்தான். மனைவி வெல்டரைப் பார்த்தாள், பிறகு தாடையால் அவனை உள்ளே போகச் சொல்லிக் காட்டினாள். "உங்க நம்பர்தான் முன்னாடி, போங்க தம்பி."

"அக்கா, அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஊமத்தை. பைத்தியம் புடிச்சா சார் பாத்துக்குவாரு."

(அந்த நேரத்தில் உள்ளுக்குள் புருஷனைத் திட்டாத திட்டில்லை என்று பிறகு அவளே ஒத்துக்கொண்டாள்.)

ஊமத்தை புதுப் பயனரை ஏற்கவில்லை. வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் இடமில்லை என்றது. தேவையில்லாததை எல்லாம் அழித்தார். மறுபடி முயன்றார். இடமில்லை. மனைவி பக்கத்து நாற்காலியில் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. லேபில் மற்றவர்கள் தட்டுகிற சத்தம் மழைபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ விடை காட்டப் போனார்கள், தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். வெல்டர்கூடப் பாதி எழுதிவிட்டான்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் தேர்வாளர் தலையைத் தூக்காமல்.

"இதோ சார்."

"இதோங்கறத நான் காலைலேருந்து கேக்கறேன்."

அவருக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாதவன் பாக்கெட்டைத் தடவுவதுபோல விண்டோஸின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினார். ஒரு பெட்டியில், தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது என்று ஒரு வரி இருந்தது. அதில் ஊமத்தை என்ற பெயரோடு முகவரி. அதை மாற்ற முடியுமா? மாற்றிப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கின் இன்னொரு பகுதியில், டி என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்தில் ஓர் அடைவை உண்டாக்கி, இனிமேல் அங்கே எழுது என்று எழுதினார். கம்பைலரை மூடித் திறந்து ஓட்டினார்.

கறுப்புச் சன்னல் திறந்தது. விடை வந்தது.

அவ்வளவுதான். பெயர் மாற்றம் வேண்டாம், புதுப் பயனர் வேண்டாம், வட்டம் சுற்ற வேண்டாம். காலையிலேயே இந்த ஒரு வரியைத் தொட்டிருந்தால் எல்லா மிஷினும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஓடியிருக்கும். அவருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது.

"எழுதும்மா. பதட்டப்படாத" என்றார், தோளைத் தொட்டு.

தேர்வாளர் நிமிர்ந்தார். "என்ன இது? கேண்டிடேட்ட தொட்டுப் பேசறாரு?"

"அவரோட மனைவிதான் சார்" என்றார் துறைத் தலைவர்.

"அப்ப அவர் இங்க நிக்கவே கூடாது. வெளிய போகச் சொல்லுங்க. இந்தம்மா முடிக்கிற வரைக்கும் உள்ள வரக் கூடாது."

வெளியே போனார். கதவுக் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றார். ஊமத்தையின் திரை அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது. பகா எண்களைக் கண்டுபிடிக்கிற நிரல். சமையலறையில் துண்டுத் தாளில் அவள் பத்துத் தடவை எழுதிப் பார்த்தது. இன்று கை விறைக்கவில்லை. வரிகள் மளமளவென்று இறங்கின. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். வெல்டர் வந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவர் உள்ளேயே பார்ப்பதைக் கண்டு பக்கத்திலேயே நின்றான்.

அவள் ஓட்டினாள். திரையில் சிவப்பு.

டிரைவரின் கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போயிற்று. அங்கேயே நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கேள்விக்குறி இல்லை. கோப்பு பற்றிப் பேச்சே இல்லை. வரி எண் போட்டு, இங்கே ஏதோ குறைகிறது என்கிறது. இது அவள் தப்பு. மிஷின் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் தேர்வு போயிற்று.

அவளுக்கோ அப்படித் தெரியவில்லை. காலையிலிருந்து சிவப்பென்றால் மிஷின் கோளாறு என்றே கேட்டுக் கேட்டு வந்தவள். கம்பைலர் காட்டிய வரியைப் படித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கையைத் தூக்கப் போனாள். மிஷின் மறுபடியும் போய்விட்டது என்று சொல்லப் போகிறாள். சொன்னால் தேர்வாளர் ஏட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். பாதிக் கை தூக்கிய நிலையில் அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

டிரைவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எதிர்ச் சுவரில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், பாருங்க சார்" என்றான் வெல்டர் கொஞ்ச நேரம் கழித்து.

"முடியாதுப்பா. நீ சொல்லு."

"கைய எறக்கிட்டாங்க... விரல வச்சு ஒவ்வொரு வரியா படிக்கிறாங்க... மேல போறாங்க. காட்டுன வரிக்கு மேல் வரில ஏதோ தட்டினாங்க."

அரைப்புள்ளி. சி மொழியில் மேல் வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்தால், கம்பைலர் அதற்கு அடுத்த வரியைத்தான் கை காட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓட்டுறாங்க. கறுப்பா வந்துருச்சு சார்! ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு... ஓடுது! அந்தாளு எழுந்து அக்காகிட்ட போறாரு. குனிஞ்சு பாக்கறாரு."

"கையெழுத்து?"

"பேனாவத் தேடறாரு... அக்கா எடுத்துக் குடுக்கறாங்க. போட்டுட்டாரு சார். போட்டுட்டாரு."

டிரைவர் அப்போதும் திரும்பவில்லை. கதவு திறந்து அவள் வெளியே வந்து முன்னால் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். அவள் சிரிக்கவில்லை. முகம் வேர்வையில் நனைந்திருந்தது.

"ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க?"

"பாத்துக்கிட்டே நின்னா வாயசைச்சிருப்பேன்."

"அதுலதான் எனக்குப் புரிஞ்சுது" என்றாள். "மிஷின் கோளாறா இருந்தா கதவ ஒடைச்சுக்கிட்டு உள்ள வந்திருப்பீங்க. திரும்பிக்கிட்டீங்க. சரி, தப்பு நம்ம மேலதான்னு மொதல் வரிலேருந்து படிச்சேன்."

சொல்லிவிட்டு வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்தாள்.